பெயர் போடுவதற்குள் சாகிற அம்மாக்கள்

என் மகள் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அதுவரை காலையில் அவளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், அவளுக்கு அது தலை உச்சியில். இரண்டும் மோதிக்கொள்ளாத நாள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை கூப்பிடாமலே எழுந்தாள். தானே பல் தேய்த்தாள், தானே குளித்தாள், கண்ணாடி முன்னால் நின்று தானே ஜடை போட்டுக்கொண்டாள். ஜடை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. சரிசெய்யப் போனேன். "வேணாம்மா, நானே பண்ணிக்கறேன்" என்று நகர்ந்துகொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள்.

கல்லூரியில் ஆசிரியர்கள் உட்காரும் அறையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகளைக் கொஞ்சம் அதட்டித்தான் வளர்க்க வேண்டும், விதைத்தது ஒரு நாள் முளைக்கும் என்றெல்லாம் பேசினேன். இரண்டு பேர் தலையாட்டிக் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. என் கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள். ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்ததில் நல்லது என்றும் வரவில்லை, கெட்டது என்றும் வரவில்லை. "அந்தப் பக்கத்தை எடுத்துப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்" என்றார் டாக்டர். நானும் கணவரும் சமையலறையில் குக்கர் சத்தத்துக்குள் பேசிக்கொண்டோம். மகளிடம், "அம்மா தொண்டையில சின்னதா ஒரு கட்டி இருக்குது, டாக்டர் எடுத்துடுவாரு" என்று மட்டும் சொன்னோம். அவள் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் சாக்ஸைத் துவைத்தாள்.

எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் என் நாத்தனார் குடியிருக்கிறாள். கணவரின் தங்கை. பட்டுத் தறி அவளுடையது. கணவர் மாடியில் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிறார். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு வாலாஜாபாத்திலிருந்து கணவரின் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும், "அப்படியே பல்லிய தொட்டுட்டு வந்துடலாமா" என்றார்கள்.

எங்கள் வீடு சிவன் கோயில் பக்கத்து வீடு. பெருமாள் கோயிலுக்குப் போவது பல்லிக்காகத்தான், அதுவும் விருந்தாளி வந்தால்தான். அங்கே கூரையில் தங்கத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாகப் பல்லிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டவர்களுக்குப் பல்லி மேலே விழுந்த தோஷம் போய்விடும். தொட்டவர்களைத் தொட்டாலும் போகும் என்பார்கள். நான் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, எவள் தலையில் பல்லி விழுந்தாலும் அலறிக்கொண்டு என் அறைக்குத்தான் ஓடிவருவாள். காஞ்சிபுரத்துக்காரி என்பதால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. குளித்துக்கொண்டிருந்தாலும் கதவு இடுக்கில் கையை நீட்டச் சொல்லித் தொட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று நாத்தனார்தான் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போனாள். என் மகளும் கூடப் போனாள். திரும்பி வந்தபோது படியில் தடதடவென்று ஓடிவந்தாள். வலது கையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். கதவை முழங்கையால் தள்ளினாள். நேராக என்னிடம் வந்து, அந்தக் கையை என் கழுத்தில் கட்டி இருந்த இடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"ஏய், வலிக்குதுடி."

"கம்முனு இரும்மா. பல்லிய தொட்ட கை. வர்ற வழியில எதையும் தொடல. ஆட்டோல கூட புடிச்சிக்காமதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கட்டிய பல்லியாடி போட்டுச்சி? இதுக்கெல்லாம் பல்லி ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"பண்ணலன்னாலும் பரவால்லம்மா," என்றாள். கையை எடுக்கவில்லை. "நான் எல்லாம் கத்துக்கினேன். ஜடை மட்டும்தான் இன்னும் கோணலா வருது. நீ போறதுக்குள்ள வந்துடும்."

"எங்க போறதுக்குள்ள?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். தெரியாதவளுக்குச் சொல்லித்தருகிற பொறுமையோடு சொன்னாள். "எல்லாப் படத்துலயும் அம்மா பேர் போடறதுக்குள்ள செத்துடறாங்க இல்ல. அப்புறம் அந்தப் பொண்ணே தலை வாரிக்குது, தட்டு கழுவுது, அப்பாவ பாத்துக்குது. அழுவறதே இல்ல. பாட்டு பாடுது."

பல்லி தொட்ட அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதமாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது எதைப் பார்த்து என்று அப்போதுதான் தெரிந்தது. நான் இல்லாத வீட்டுக்கு அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பாடமாக நடத்துவதுதான் என் பிழைப்பு. இலக்கியக் கோட்பாட்டுத் தாள் எனக்கு. பின்நவீனத்துவம் ஓர் அலகு, அதற்குள் இடைப்பிரதித்தன்மை. எந்தக் கதையும் தனியாகப் பிறப்பதில்லை, ஏற்கெனவே சொல்லப்பட்ட கதைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, படிப்பவன் ஒன்றைப் படிக்கும்போதே மற்றதையும் சேர்த்துத்தான் படிக்கிறான் என்று வருஷா வருஷம் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், பரீட்சையில் அப்படியே திருப்பித் தருகிறார்கள், நானும் மதிப்பெண் போடுகிறேன். அவர்களுக்கும் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. என் மகளோ டிவி முன்னால் தரையில் படுத்துக்கொண்டு, முறுக்கு தின்றுகொண்டே, பார்த்த கார்ட்டூன் படங்கள் அத்தனையையும் ஒரே படமாக்கிவிட்டாள். அந்த ஒரே படத்தை எங்கள் வீட்டின் மேல் வைத்துப் படித்தும் விட்டாள். கழுத்தில் கட்டி, குக்கர் சத்தத்துக்குள் பேச்சு, பார்க்க வருகிற உறவுக்காரர்கள். ஆரம்பக் காட்சி எல்லாம் பொருந்தித்தானே இருக்கிறது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா. மறுநாள் உட்கார வைத்து விளக்கினேன்.

"அம்மா இருந்தா கதை நடக்காதுடி. காட்டுக்குப் போவாதம்பா, இருட்டறதுக்குள்ள வந்துடும்பா. அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போய் சாகசம் பண்றது? அதனால கதை எழுதறவங்க அம்மாவ மொதல்லயே அனுப்பிடறாங்க. அது அவங்க வசதிக்கு."

அவள் யோசித்தாள். "அப்ப எனக்குக் கதை ஆரம்பிக்கப் போவுதா?"

"போய் வீட்டுப்பாடம் எழுது" என்றேன்.

பிறகு ஒரு வெறியோடு, அம்மா சாகாத படமாகத் தேட ஆரம்பித்தேன். கல்லூரி விட்டு வந்ததும் கணவரின் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு, மகள் கீழே விளையாடும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். குழந்தைகளுக்காக இத்தனை அழகாகப் படம் வரைகிறவர்களுக்கு அம்மாக்கள் மேல் என்ன கோபமோ. செத்திருப்பாள், இல்லையென்றால் காணாமல் போயிருப்பாள், இல்லையென்றால் சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். சில படங்களில் அவளைச் சாகடித்த காட்சிகூடக் கிடையாது. அம்மா என்ற பேச்சே இருக்காது. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

"நம்ம தமிழ்ப் படம் காட்டேன்மா," என்றார் கணவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டே. "நம்ம படத்துல அம்மா கடைசி வரைக்கும் இருப்பாங்க."

"இருமிக்கினே இருப்பாங்க," என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கழுத்தைப் பார்த்தார். நான் அடுத்த படத்தைப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மாடிக்கு வந்தாள். ஊரில் தமிழில் பேசுகிற கார்ட்டூன் படம் ஒன்று ஓடுகிறது, நீர்நாய்க் குடும்பமாம், குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாம் என்றாள். நான் அந்தப் படத்தை முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. வேண்டாம் என்றேன்.

"ஏன் அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சிரிச்சிட்டுத்தான் வாங்களேன்."

"சரி, கொஞ்சம் லேட்டா போலாம். பேர் எல்லாம் போட்டு முடியட்டும்."

"பேர் போடறதுலேர்ந்து பாக்கலன்னா அது படம் பாத்த கணக்கா?" என்றாள். தறியிலும் அவள் அப்படித்தான், நுனியிலிருந்து பார்த்தால்தான் சேலை பார்த்த திருப்தி அவளுக்கு. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதிரில் மேற்கொண்டு மறுக்க முடியவில்லை.

விளக்கு அணைந்தது. ஆறு, ஆற்றங்கரையில் பொந்து, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் அம்மா நீர்நாய், அதன் வாலைப் பிடித்து இழுக்கும் ஒரு குட்டி. மேலேயிருந்து கணீரென்று ஓர் ஆண்குரல். "முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றங்கரையில், ஒரு தாயும் சேயும் மகிழ்ச்சியாக வாழ்ந்துவந்தார்கள். ஒரு நாள், பெரு வெள்ளம் வந்தது." மேளம் அதிர்ந்தது. தூரத்தில் தண்ணீர் மலை மாதிரி எழுந்தது. என் மகள் என் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. நாத்தனாரை அங்கேயே நான்கு வார்த்தை கேட்டுவிடலாம் என்றும் இருந்தது.

அம்மா நீர்நாய் துணியைக் கொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "யாருப்பா அது, மேலேர்ந்து கதை சொல்றது?"

குரல் தடுமாறியது. "நான்... கதைசொல்லி."

"நானும் எவ்வளவோ கதை பாத்துட்டேன். குருவிக் கூடா இருந்தாலும் சரி, அரண்மனையா இருந்தாலும் சரி, பேர் போடறதுக்குள்ள அம்மாவ அனுப்பிடறீங்க. நான் போக மாட்டேன். அடுப்புல குழம்பு கொதிக்குது."

"அம்மா, நீங்க போகலன்னா கதை நின்னுடும்."

"நிக்கட்டும். புள்ளைக்கு இன்னும் சோறு ஊட்டல."

வெள்ளம் வந்தேவிட்டது. கூடவே வேறு கதைகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்த சாமான்கள். காட்டில் தொலைந்த எந்தக் குழந்தையோ விட்ட ஒற்றைச் செருப்பு, ஒரு மந்திரவாதியின் தொப்பி, யாரோ ஓர் இளவரசியின் கட்டில், கட்டிலின் மேல் தூக்கம் கலையாத இளவரசி. அதன் பின்னால் படத்தின் பெயர், ஓர் எழுத்து ஓர் ஆள் உயரம், உருண்டுகொண்டு வந்தது. அம்மா நீர்நாய் சேலையை வரிந்து கட்டுகிற தோரணையில் வாலைச் சுருட்டிக்கொண்டு, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வாசலில் அடுக்கி அணை கட்டிவிட்டது. தண்ணீர் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கதைசொல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, வேற மாதிரி ஆரம்பிக்கிறேன்" என்றார்.

தியேட்டரே சிரித்தது. நாத்தனார் என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. இருக்கையின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"உக்காருமா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

உட்கார்ந்து, என் காதில் கேட்டாள். "அந்த அம்மாக்கு எப்டிம்மா தெரியும், மத்த படத்துல செத்துடறாங்கன்னு?"

"அவங்களும் அந்தப் படமெல்லாம் பாத்திருப்பாங்க."

"படத்துக்குள்ள இருக்கறவங்களுமா?"

"ம்."

"தெரிஞ்சிக்கினா போவாம இருக்கலாமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான்கு நாள் கழித்து ஆபரேஷன், அதற்கப்புறம் டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அணை கட்ட என் கையில் எழுத்துகள் இல்லை.

"படத்துல போவாம இருக்கலாம்," என்றேன். "நெசத்துல டாக்டர்தான் பாத்து சொல்லணும். ஆனா ஒண்ணு. படத்துல அம்மா செத்துடறாங்கன்றதுக்காக நெசத்துல எந்த அம்மாவும் சாவறதில்ல. அது மட்டும் உறுதி."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அது வேற, இது வேற."

"அது வேற, இது வேற."

"சரி" என்று சொல்லிவிட்டு என் மடியிலிருந்த பாப்கார்னை எடுத்தாள். அன்று இடைவேளைக்குள் முழுப் பொட்டலத்தையும் அவளே தின்றாள்.

பழைய கதைகளை வைத்தே விளையாடுகிற இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் படித்தவர்கள் நல்லபடியாக எழுதுவதில்லை. எல்லாவற்றையும் கேலி செய்கிறார்கள், எதையும் நம்புவதில்லை, பழைய கதையின் இதயத்தைப் பிடுங்கிவிட்டுக் கண்ணடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நானே அதை வகுப்பில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறேன். என் கூட வேலை செய்யும் தமிழ்த்துறைக்காரர் ஒருவர் அதற்கும் ஒரு படி மேல். "இதென்ன புதுசு, நம்ம கூத்துல கட்டியங்காரன் ராஜாவையே நிறுத்திவெச்சி கேள்வி கேக்கறான்" என்பார். எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வாரம் மட்டும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. யாரிடம் முதலில் இருந்தால் என்ன. கதைக்கு வெளியே நின்று நான் ஆயிரம் விளக்கம் சொன்னேன், என் பெண்ணிடம் எடுபடவில்லை. கதைக்குள் இருக்கிற ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு "போக மாட்டேன்" என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது. அது கேலியாக இருந்தால் அந்தக் கேலி நன்றாக இருக்கட்டும்.

ஆபரேஷன் வியாழக்கிழமை நடந்தது. கண் விழித்ததும் பேசிப் பார்த்தேன், தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தும் முடிவு வரவில்லை. மகள் இன்னும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள். பயம் குறைந்திருந்தது, விடவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று, "டாக்டர் சொல்லிட்டாரா?" என்பாள். இல்லை என்று தலையசைப்பேன். பையைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டுவாள்.

முடிவு வாங்கக் கணவர் போயிருந்த காலையில் நான் கீழே நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தேன். அவள் தறியில் நெடுக ஓடுகிற பழைய பாவு நூல்களின் நுனியோடு புதுப் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். முடிந்துபோன இழையையும் வரப்போகிற இழையையும் விரலில் சேர்த்து முறுக்க வேண்டும், ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில். பாதியில் கையை எடுத்தால் வரிசை தவறிவிடும். போன் அடித்தது. எடுத்தேன்.

"ஒண்ணுமில்லையாம்மா," என்றார். "சாதா கட்டிதானாம். மாத்திரை கூட வேணாம், மூணு மாசம் கழிச்சி வந்து காட்டினா போதும்னாங்க." அதற்குமேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, கை மட்டும் இழையை விடவில்லை. "அண்ணி," என்றாள், "கொஞ்சம் மூக்க தொடச்சி விடுங்க, பட்டு மேல ஊத்திடும்." என் முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு அதே முந்தானையில் என் மூக்கையும் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால் தையல் வலித்தது, அப்படியும் சிரித்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் மகள் வாசலில் நின்று கேட்டபோது, "சொல்லிட்டாரு, ஒண்ணுமில்லையாம்" என்றேன். கட்டிப்பிடிப்பாள் என்று காத்திருந்தேன். "சரி" என்று உள்ளே போய்விட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புரிந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், போர்வையை இழுத்துக்கொண்டாள். பிடித்து எழுப்பி உட்கார வைத்து உப்புமாவைக் கொடுத்தேன்.

"எனக்கு இது வேணா."

"இன்னிக்கு இதான்."

"வேணான்னா வேணா. எப்ப பாத்தாலும் உப்புமா." தட்டைத் தள்ளினாள். உப்புமா தரையில் சிதறியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரைக் குரலில், காக்கை கத்துகிற மாதிரி கத்தினேன். அவள் முழுக் குரலில் திருப்பிக் கத்தினாள். கணவர் பல் தேய்க்கும் பிரஷோடு ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நுரையோடு நின்றார்.

"நான் உன்கிட்ட பேச மாட்டேன் போ," என்றாள் என் மகள், கண்ணெல்லாம் சிவந்து. "இன்னிக்கும் பேச மாட்டேன். நாளைக்கும் பேச மாட்டேன். நான் பெரியவளாயி காலேஜுக்குப் போனாலும் உன்கிட்ட பேச மாட்டேன். எனக்குக் கல்யாணமாயி நீ வீட்டுக்கு வந்தாலும் பேச மாட்டேன்."

அத்தனை வருஷத்துக்கும் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் என்னோடு சண்டை போடுகிறாள்.

"பேசாத, போடி" என்றேன். இத்தனை நிம்மதியாக நான் யாரையும் திட்டியதில்லை.